மூன்று மணிப் புள்ளி

ஆற்றின் நீர்மட்டத்தை மணிக்கொரு தரம் குறிக்கும் வேலை பார்த்த கிழவருக்குக் கணினி மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. பொறியாளரான மருமகள் அவருடைய பழைய நோட்டு எண்களைப் போட்டு, வெள்ளம் ஏறி இறங்கும் வேகத்தை, புள்ளிக்குப் புள்ளி வளைகோட்டுத் துண்டுகளை ஒட்டிக் கணக்கிட்டாள்.

"மாமா, கோடு எல்லாப் புள்ளியையும் தொட்டே ஆகணும். அந்தப் பெருவெள்ளத்தன்னிக்கு ரெண்டு, மூணு, நாலு மணிக்கு நாலடின்னுதான் எழுதியிருக்கீங்க. ஆனா மூணு மணிக்கு மட்டும் இந்தக் கோடு புள்ளியை விட்டுட்டு பதினொன்றரை அடிக்கு ஏறுது."

"உன் மிஷினுக்குக் கிறுக்கு."

"மூணு தடவை போட்டுட்டேன், மாமா."

அன்று மூன்று மணிக்கு அவர் தூங்கிப்போயிருந்தார். மதகில் சிக்கிய குப்பையை எடுக்க இறங்கிய மச்சானுக்கு, மனைவியின் தம்பிக்கு, அபாய மணி அடிக்க ஆளில்லை. விழித்தபோது வெள்ளம் மச்சானை அடித்துக்கொண்டு போய் வடிந்திருந்தது; நோட்டில் மூன்று மணிக்கும் நாலடி என்று எழுதினார். தம்பிக்குக் கால் வழுக்கிவிட்டது என்று மனைவியிடம் சொன்னார். மதகுச் சுவரில் பதினொன்றரை அடி உயரத்தில் நின்ற ஈரச் சேற்றுக்கோட்டின் மேல், யாரும் பார்ப்பதற்குள் அவரே சுண்ணாம்பு அடித்தார்.