இடதுகைக்காரர்களுக்கு மட்டும்

மழை பிடித்துக்கொண்டதும் சென்னியப்பனுக்கு வாழைக்காய் பஜ்ஜி மேல் ஆசை வந்துவிட்டது. மனைவி பூங்கோதை காயைச் சீவி, மாவும் கரைத்துவிட்டாள். இனி அடுப்பு சம்மதிக்க வேண்டும். சமைப்பது உடம்புக்கு ஆகுமா என்று உலகத்து ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் அது பற்றும். யார், எப்போது, என்ன தின்றார் என்று அவரவர் கையில் கிடக்கும் வளையம் அந்த ஆய்வுகளுக்கு ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது.

“மொத்தத்தில் பஜ்ஜி கெடுதல்,” என்றது அடுப்பு.

“ஆம்பளைகளை மட்டும் பிரிச்சுப் பாரு,” என்றார் சென்னியப்பன்.

“கெடுதல்.”

“அதுல இடதுகைக்காரங்க?”

“கெடுதல்தான்.”

அவர் விடுவதாக இல்லை. பீளமேட்டுக்காரர்கள் என்றார், குறட்டை விடுகிறவர்கள் என்றார், மூக்கில் மச்சம் உள்ளவர்கள் என்றார்.

“இந்தக் குழுவுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை,” என்று சொல்லிவிட்டு அடுப்பு பற்றிக்கொண்டது.

“பாத்தியா கோதை! விஞ்ஞானமே சொல்லிருச்சு!”

பூங்கோதை அடுப்பிடம் குனிந்தாள். “ஏஞ்சாமி, அந்தக் குழுவுல எத்தனை பேரு?”

“ஒருவர்.”

“அவரு எப்பப் பஜ்ஜி திங்கறாரு?”

“தினமும் மாலை, நடைப்பயிற்சிக்குப் போகும்போது.”

அவர் உடம்பு இளைக்கட்டும் என்று பூங்கோதையே ஷூ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைக்கும் நடைப்பயிற்சி அது. சென்னியப்பன் சன்னல் பக்கம் திரும்பி, மழையை மிகுந்த அக்கறையோடு வேடிக்கை பார்த்தார்.

எண்ணெயில் முதல் பஜ்ஜி விழுந்தது.

“நாளையிலிருந்து நடைக்கு நானும் வாரனுங்க,” என்றாள் பூங்கோதை. “ஒத்தை ஆளை வெச்சு முடிவு கட்டக் கூடாது பாருங்க.”