பழுதில்லாத ஆறு உடுப்புகள்

பல்லடம் ரோடு நான்காம் வீதிவாசிகள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: எட்டு மாதம் நிரம்பிய செல்வி மகிழினி, தாய் தந்தையர் பரிவாரத்துடன், வரும் வெள்ளிக்கிழமை தீவு விஜயம் மேற்கொள்கிறாள்.

அறிவித்தவன் அவளைப் பெற்ற மோகன்ராஜ். பின்னலாடைக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். ராமேஸ்வரம் போகிறோம் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. தீவு என்றுதான் சொன்னான்.

பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் விடுவதாயில்லை. எந்தத் தீவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க திதி குடுக்கத்தான போவாங்க. உங்கூட்டுல ஆரு, கண்ணு, தவறுனது?"

அவன் மனைவி அனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மோகன்ராஜுக்குச் சிரிப்பே வரவில்லை. பயணத் திட்டத்தை மறுபடி ஒப்பித்தான்.

சனிக்கிழமை காலை ஆறு மணி, தனுஷ்கோடியில் சூரிய உதயம். குழந்தைக்கு நீல உடுப்பு. எட்டரைக்குப் பாம்பன் பாலம், மஞ்சள். மாலையில் மணல்மேடு, வெள்ளை. மறுநாளுக்கு இன்னும் மூன்று. குழந்தை தூங்குவதும் பால் குடிப்பதும் கால்மணிக் கணக்கில் குறிக்கப்பட்டிருந்தன. மந்திரியின் சுற்றுப்பயணத்துக்குக்கூட இவ்வளவு துல்லியமாகத் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

அனிதாவுக்கு அந்தத் துல்லியம்தான் பிடித்திருந்தது. கல்யாணமான மூன்று வருடத்தில் அவன் அவளுக்காக யோசித்துச் செய்கிற முதல் காரியம் இது. அவள் கடலைப் பார்த்ததில்லை. குண்டடத்தில் பிறந்தவளுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், வாய்க்கால் தண்ணீர்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரத்தில், கட்டிலில் பையைத் திறந்துவைத்து அடுக்க ஆரம்பித்தாள்.

கம்பெனியிலிருந்து அவன் கொண்டுவந்திருந்த ஆறு உடுப்புகளையும் ஒவ்வொன்றாக ட்யூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பார்த்தாள். நான்கு வருடம் பின்னலாடைக் கம்பெனியில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்த்த கை; சும்மா மடித்துவைக்கத் தெரியாது. உள்ளும் புறமும் புரட்டினாள். ஓட்டை இல்லை. எண்ணெய்க் கறை இல்லை. ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை.

அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். திருப்பூரில் எந்தத் தகப்பனும் பழுதில்லாத பீஸை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. மகிழினி பிறந்ததிலிருந்து போட்டதெல்லாம் கம்பெனி கழித்த செகண்ட்ஸ்தான். இப்போது போட்டிருந்ததில்கூட யானை தலைகீழாக அச்சாகியிருந்தது.

பிள்ளைக்காக நல்லதாகப் பார்த்து எடுத்துவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கண்கூடக் கலங்கியது. அந்தக் கலக்கத்தோடே, நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து, கழுத்தில் தொங்கிய அட்டைகள் ஆறையும் நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிள்ளைக்குக் கழுத்தில் உறுத்துமே.

துண்டோடு வந்த மோகன்ராஜ் கூடையைப் பார்த்தபடி அப்படியே நின்றான்.

"ஏம்புள்ள, அதெல்லாம் ஆர்டர் குடுத்த பையர் கையெழுத்துப் போட்டு அனுப்புன அட்டை. ஷூட் முடிஞ்சதும் சாம்பிளை அட்டையோட திருப்பிக் குடுக்கோணும்."

"என்ன ஷூட்டுங்க?"

அவன் கூடையிலிருந்து அட்டைகளைப் பொறுக்கினான். எந்த அட்டை எந்த உடுப்புடையது என்று கண்டுபிடிக்க, ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். அனிதா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

சூரிய உதயம், நீலம். பாலம், மஞ்சள். மணல்மேடு, வெள்ளை. அவன் ஒப்பித்தது ஒரு கால்மணி பிசகாமல் இருந்தது. தலைப்பு மட்டும்தான் புதிது: குழந்தை உடுப்பு, விளம்பரப் படப்பிடிப்பு.

கீழே வேனில் வருவோர் பட்டியல். முதலாளி. முதலாளியின் மகன். கேமராமேன். மோகன்ராஜ். மாடல், ஆறு முதல் ஒன்பது மாத அளவு: ஒன்று. பாலூட்ட ஹெல்ப்பர்: ஒன்று.

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

"ஏனுங்க, இந்த ஹெல்ப்பர் கடல்ல கால் நனைக்கறதுக்கு எத்தன மணிக்குப் போட்டிருக்கீங்க?"

"பாக்கலாம் புள்ள. அது வெளிச்சத்தப் பொறுத்து."

அனிதா தாளை விட்டு நகர்ந்தாள். கட்டிலில் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்த மகிழினியைத் தூக்கி, நீல உடுப்பைப் போட்டுவிட்டாள். தலை நுழைந்தது. கைகள் நுழைந்தன. அடியில் இருக்கும் மூன்று பட்டன்களில் ஒன்றுகூட எட்டவில்லை. பிள்ளைக்கு இதுதான் அளவு என்று அவன் கம்பெனியில் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நடுவில் பிள்ளை வளர்ந்ததை அவனிடம் யாரும் தெரிவிக்கவில்லை போலும்.

செக்கிங்கில் இருந்தவள் அளக்காமல் கழிக்க மாட்டாள். இஞ்ச் டேப்பை எடுத்து மகிழினியைத் தோளிலிருந்து தொடைவரை அளந்தாள். பிறகு உடுப்பை அளந்தாள்.

"மாடல் அளவு மீறிப்போச்சுங்க சார். ரிஜெக்ட்."

மோகன்ராஜின் முகம் தொங்கிப்போனது. அனிதா காத்திருந்தாள். கம்பெனி கிடக்கிறது, நாம் மூன்று பேரும் பஸ் பிடித்துப் போகலாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவனுக்கு நேரம் கொடுத்தாள். அந்த நேரத்தில் அவன் டேப்பை வாங்கி இன்னொரு முறை அளந்தான்.

பிறகு முதலாளிக்குப் போன் போட்டான். கம்பெனி டிரைவருக்கு ஏழு மாதத்தில் ஒரு பையன் இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, திட்டப்படி, மோகன்ராஜ் தீவுக்குக் கிளம்பிப் போனான்.