நிறுத்தி வைத்த அடி

“நாலு நிமிஷம்! முழுசா நாலு நிமிஷம் அடியே இல்லாம இழுத்திருக்கீங்க. இது ஹார்ட் டெக்னோவா, தாலாட்டா?”

அரங்க மேலாளர் போட்ட கத்தலில், ஸ்பீக்கர்களை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீஜே தலைகுனிந்து ஒயரைச் சுருட்டினாள். இடி மாதிரி விழும் தாள அடியைச் சட்டென்று நிறுத்தி, கூட்டத்தைத் தவிக்கவிட்டு, மறுபடி போடுவதுதான் இந்த இசையின் வித்தை. அரை நிமிஷம் தாங்கும். மிஞ்சினால் ஒரு நிமிஷம்.

“சார், கொஞ்சம் கேளுங்க...”

“கேட்ட வரைக்கும் போதும்மா! எல்லாரும் கையைத் தூக்கிக்கிட்டு ‘போடு, போடு’ன்னு கத்துறாங்க. நீங்க கல்லு மாதிரி நிக்கிறீங்க. பாதிப் பேர் ஊளையிட்டுட்டு வெளிய போயிட்டாங்க. அடுத்த மாசம் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

விறுவிறுவென்று போய்விட்டார்.

அவளுக்கு அடுத்துப் பாட்டுப் போட்ட இளைஞன் பையை மாட்டிக்கொண்டே சிரித்தான். “என்னக்கா, பட்டன் எங்க இருக்குன்னே மறந்துபோச்சா?”

கூட்டாளிகளோடு சாப்பிடக் கிளம்பினான். இவளை யாரும் கூப்பிடவில்லை.

தங்கை போன் செய்தாள். “வீடியோ பார்த்தேன்கா. மேடையிலயே தூங்கிட்டியாமே? ஊரே சிரிக்குது.”

“ம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் போய் உட்கார்ந்த பின்வாசல் படியில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு பஸ் வந்து போனது. இன்னொன்றும் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

காவலாளி எட்டிப் பார்த்தார். “இன்னும் கிளம்பலையாம்மா?”

“ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்.”

“யாரு? பேரு சொன்னா உள்ள பார்த்துட்டு வரேன்.”

“பேரு தெரியாதுங்க.”

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாவது பஸ்ஸும் போன பிறகு, ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. முதலுதவி நர்ஸ் இறங்கினாள்.

டீஜே ஓடினாள். “அந்தப் பொண்ணு?”

“கண்ணு முழிச்சிட்டா. அம்மாவைக் கேட்டு அழறா. இனிமே பயமில்ல.”

டீஜே அவள் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். “கூட்டத்துக்கு நடுவுல அவ மயங்கி விழுந்ததை, மேடையில இருந்து நீங்கதானே முதல்ல பார்த்து எங்களுக்குக் கை காட்டினீங்க? பாட்டை நிறுத்தியிருந்தா, என்னமோ ஏதோன்னு அத்தனை பேரும் முண்டியடிச்சிருப்பாங்க. நாங்க வந்து தூக்குறதுக்குள்ள அந்த அடியைப் போட்டிருந்தா, கீழ கிடந்தவ மேலயே குதிச்சிருப்பாங்க.”