கெட்டுப்போக இருந்த சீலா மீன்

எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு மீன் கடைகள். ஒன்று என்னுடையது, மற்றது பெர்னதத்துடையது. எங்கள் இருவர் காதிலும் கேம் தியரி சொல்லித்தரும் கருவி இருக்கிறது. எதிர்க்கடை அடுத்து என்ன செய்யும், அதற்கு நாம் என்ன செய்தால் லாபம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நேற்று மதியம் அவள் கடை ஃப்ரீசர் நின்றுபோனது. உள்ளே ஒரு கல்யாண வீட்டுக்கான சீலா மீன் இருந்தது. கேள்விப்பட்டதும் ஓடினேன்.

"என் ஃப்ரீசர்ல பாதி காலியாத்தான் கெடக்கு பிள்ள. பெட்டியத் தூக்கு."

தூக்கப் போனவள் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, இதுல உங்களுக்கு என்ன கெடைக்கும்னு கேக்குது."

"ஒண்ணும் கெடைக்காது. மீனு கெட்டுப்போகும்லா, அதான்."

"ஒண்ணுமில்லன்னா நம்பவே கூடாதாம். எதையாவது சொல்லித் தொலைங்களேன், மீனு எளகுது!"

என்ன சொல்வதென்று என் கருவியிடமே கேட்டேன். அது சொன்னதை அப்படியே அவளிடம் ஒப்பித்தேன்.

"மீனு எங்கிட்ட இருந்தா, கல்யாண வீடு எதுன்னு தெரிஞ்சிருமாம். அடுத்த ஆர்டர நான் புடிச்சிரலாமாம்."

"அப்பிடிச் சொல்லுங்க!" என்று சிரித்தாள். பெட்டியில் ஒட்டியிருந்த கல்யாண வீட்டு விலாசச் சீட்டைக் கிழித்துவிட்டு, பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

மீன் பிழைத்துவிட்டது. ஆனால் அவள் கிழிப்பதற்குள் அந்த விலாசத்தை நான் படித்திருந்தேன். ஏன் படித்தேன் என்றுதான் தெரியவில்லை.