போட்டாச்சு

கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலியை எடுக்கவில்லை.

"எல்லாம் போட்டாச்சுங்க. நாங்க பிரைவேட்."

கோயமுத்தூரில் விரட்டுவதற்கும் ஒரு 'ங்க' உண்டு. பதினாறு வருடமாகத் தடுப்பூசிக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கும் அரசாங்க நர்ஸ் அவள். அந்த 'ங்க' எத்தனை பைசா பெறும் என்று அவளுக்குத் தெரியும்.

பிரைவேட். குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள்.

கீழே செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்து வாங்கினான். லிஃப்ட் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்றான். தோளில் ஐஸ் வைத்த ஊசிப் பெட்டி. மூன்று மாடியும் படியில் ஏறி வந்தாள்.

அடுத்த பிளாக்கில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை. அந்த வீட்டுக் காலிங் பெல் கேமராவில் வேப்பிலை செருகியிருந்தார்கள். வேலைக்காரி கொண்டுவந்து கொடுத்தாளாம். வேலைக்காரியின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் மாதம், புதன்கிழமை, வரிசையில் உட்காரவைத்து ஊசி போட்டது இவள்தான். அம்மை லிஃப்டில்தான் வந்திருக்கும். அதனிடம் யார் கையெழுத்துக் கேட்கப்போகிறார்கள்?

"அட்டையைக் காட்டுங்க."

"வலிக்காத ஊசியாத்தான் போடறோங்க. உங்களுது காச்சல் வருமாமே."

"அட்டையைக் காட்டுங்க."

சங்கிலி விழுந்தது. உள்ளே போன வீட்டுக்காரி அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வீட்டுப் பத்திரத்தைக்கூட யாரும் அப்படிக் கொண்டுவந்து அவள் பார்த்ததில்லை.

லேமினேட் செய்திருந்தாள்.

கிடைத்ததையெல்லாம் லேமினேட் செய்கிற ஊர்தான் இது. ஆனாலும் தடுப்பூசி அட்டையையா? அதுவும் ஊசியெல்லாம் முடியும் முன்பே? இனி அதில் யார் எதை எழுதுவது?

ஓரத்தில் கரடி, முயல். நடுவில் நீல மையில் முத்து முத்தான எழுத்து. ஐந்து வயது வரைக்கும் தேதிகள்.

"ஒன்பதாம் மாச அம்மை ஊசி?"

"போட்டிருக்கு பாருங்க." பளபளக்கும் ஒரு நகம் அந்த வரியில் வந்து நின்றது. "தேதி போட்டிருக்குல்லங்க."

தேதி போட்டிருந்தது. போட வேண்டிய தேதி. முதல் நாளே ஆஸ்பத்திரி ரிசப்ஷன் பெண் உட்கார்ந்து மொத்தமாக எழுதிக் கொடுத்தது. பக்கத்துக் கட்டம்தான் போட்ட தேதிக்கு. அதில் ஆறாம் மாதம் வரை டாக்டரின் கிறுக்கல் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெள்ளை. அதன் மேல் பிளாஸ்டிக்.

நாலரை வயதில் போட வேண்டியதற்கும் தேதி இருந்தது. அதுவும் போட்டாச்சுபோல.

படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். தேதி போட்டாச்சு, லேமினேஷன் போட்டாச்சு, ஊசி மட்டும் போடவில்லை.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். மூன்று மாடியும் இந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஏறி வந்ததுபோல் இருந்தது. 'படிச்சவங்கதானுங்களே நீங்க?' நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டாள். அதிலும் ஒரு 'ங்க'.

சொல்வதற்கு முன் ஆதாரம் கையில் இருக்கட்டும் என்று தன் பதிவேட்டைப் புரட்டினாள். பி பிளாக், 304. குழந்தை நேத்ரிகா, பதினொரு மாதம். ஒன்பதாம் மாதக் கட்டம் காலியாக இருக்கும்.

காலியாக இல்லை.

'போட்டாச்சு. பிரைவேட்.'

அவள் கையெழுத்து. புள்ளியைக் குட்டி வட்டமாகச் சுழிக்கிறவள் அந்த ஆபீசிலேயே அவள் ஒருத்திதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு. இதே கதவு, இதே சங்கிலி, இதே பேச்சு. 'எப்படியோ போங்கடி' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, படி இறங்கிக்கொண்டே எழுதியது. அட்டையைக் கேட்கவில்லை. இவளிடம் போய் நான் எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று நினைத்தாள். அன்றைக்கும் தோளில் பெட்டி இருந்தது.

பழமொழியின் மற்ற பாதி இப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்.

நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினாள்.

"போடலைங்க," என்றாள். "இது போட வேண்டிய தேதி."

வீட்டுக்காரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கூடப் பார்த்தாள்.

"நான் ஆபீஸ் போக ஆரம்பிச்சுட்டேங்க. அவரு கூட்டிட்டுப் போயிருப்பாருன்னு... தேதி இருந்துச்சுல்லங்க..."

கதவு முழுதாகத் திறந்தது.

"உள்ள வாங்க சிஸ்டர். இப்பவே போட்டுடுங்க. வலிச்சாலும் பரவால்லைங்க."

இந்த 'ங்க' வேறு. பதினாறு வருடத்தில் இப்படி ஒன்றை இந்த மாதிரிக் கதவுகளில் அவள் கேட்டதில்லை. கேட்டபோது ஒரு சந்தோஷமும் இல்லை.

சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து பெட்டியின் மூடியைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது.

நேத்ரிகா சோபாவைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். மூக்கு ஒழுகியது. கண் இரண்டும் சிவந்திருந்தன. நேராக வந்து அவள் மடியில் சாய்ந்தாள்.

குழந்தையின் உடம்பு சட்டை வழியாகச் சுட்டது.

"பல்லு வருதுங்க. நாலு நாளா லேசாக் காச்சல்."

அவள் குழந்தையின் காது மடலை மெல்ல மடக்கினாள். மடலுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், செம்மண்ணைத் தூவியதுபோல் பொடிப்பொடியாகத் தடிப்பு இருந்தது. கழுத்து வரை இறங்கியிருந்தது.

வீட்டுக்காரி ஓடி வந்து குழந்தையின் சட்டைக் கையைத் தோள் வரை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"போடுங்க சிஸ்டர்."

அவள் பெட்டியை மூடினாள்.