கதிரையை விடாதவர்

வெம்பிளி மண்டபத்தில் அன்று கூடியிருந்தவர்கள் மூவர். மேசைத் தலைப்பில் சங்கச் செயலாளர் கனகாம்பிகை, அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் கொட்வின், கதவுக்கு முதுகைக் காட்டியபடி நிர்வாக உறுப்பினர் மாதங்கி. தலைவர் பரமேஸ்வரனின் கதிரை வெறுமையாக இருந்தது.

ரயில் தாமதத்தால் பிந்தி வந்த பரமேஸ்வரன் கதவைத் தள்ளப் போனவர், உள்ளே கேட்ட பேச்சில் கையை இழுத்துக்கொண்டார்.

"இருபது வருசத்துக்கு மேல கதிரையை விடேல்லை," என்றார் கனகாம்பிகை. "உருப்படியா என்ன செய்தவர்?"

பரமேஸ்வரன் கதவோடு காதை வைத்தார். சங்கத்தில் அவ்வளவு காலம் தலைவராக இருந்தவர் வேறு யார்?

"எழும்பிக் கதைச்சதெல்லாம் தன்னைப் பற்றித்தான். மருமகனுக்கும் ஒரு வேலை எடுத்துக் குடுத்தவர்," என்றாள் மாதங்கி.

பரமேஸ்வரனின் மருமகன்தான் சங்க விழாக்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுபவர்.

"வோட்டுப் போட்ட சனத்துக்கு வாங்கிக் குடுத்துத்தானே வெண்டவர்," என்றார் கனகாம்பிகை.

வெறும் மட்டன் றோல்ஸ்தானே என்று பரமேஸ்வரன் மனதுக்குள் வாதாடினார்.

"அப்ப அகற்றுவம்," என்றார் கொட்வின். "ஆனா ஆளைத் தூக்கக் கிரேன் வேணும்."

மூவரும் சிரித்தார்கள். பரமேஸ்வரன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர்கள் துரத்த முதல் தானாகப் போனால் ஒரு பொன்னாடையாவது கிடைக்கும். படிக்கட்டில் குந்தியிருந்து, உடல்நிலை காரணமாகத் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதினார். கைப்பையில் எப்போதும் இருக்கும் உறையொன்றில் விலகல் கடிதங்களை ஏற்கும் சங்கப் புரவலரான போஷகரின் விலாசத்தை எழுதி முத்திரையும் ஒட்டினார்.

பிறகு உள்ளே போய்க் கடிதத்தையும் உறையையும் செயலாளரின் முன்னால் வைத்தார்.

"கதைச்சதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான், தங்கச்சி. அவ்வளவும் உண்மை. மருமகன்ர விசயமும் உண்மை. இதைப் போஷகருக்கு அனுப்பிவிடுங்கோ."

பதிலுக்கு நிற்காமல் வெளியேறினார்.

கனகாம்பிகை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கொட்வின் அரைவாசி எழும்பிவிட்டார்.

"அக்கா, நாங்கள் கதைச்சது சந்தியில சிலையா நிக்கிற அந்த வெள்ளைக்கார எம்.பி.யை எல்லோ? மனுசன் செத்தே நூற்றைம்பது வருசம். ஓடிப்போய் அண்ணையிட்டச் சொல்லட்டே?"

கனகாம்பிகை கடிதத்தை உள்ளே வைத்து உறையை ஒட்டினார். சிலையை அகற்றச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தையும் எடுத்து, இரண்டையும் கொட்வினின் கையில் கொடுத்தார்.

"தபால்பெட்டிக்கு ஓடும். ரெண்டு பேரும் ஒண்டாப் போகட்டும்."