பலகையில் மூன்று பெயர்கள்

பிற்பகல் வெயில் ஆஸ்பத்திரியின் கணினி அறை வெள்ளைப்பலகையில் சாய்வாக விழுகிறது. ஸ்பிரிங், குவார்க்கஸ், மைக்ரோநாட் என்று மூன்று பெயர்கள். மூன்றும் ஜாவா என்ற கணினி மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் சட்டகங்கள். அவற்றின் கீழே புரோகிராமர் பெண் மூன்று வாரமாக ஒப்பிட்டுப் போட்ட மதிப்பெண்கள், அவற்றின்மேல் சீனியர் போட்ட கேள்விக்குறிகள். நோயாளிகள் வீட்டிலிருந்தே முறை பதிவு செய்வதற்கான தளத்தில் இன்னும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. "இன்னொன்னு புதுசா வந்திருக்காம். அதையும் சேர்த்துப் பார்த்துடேன்," என்கிறார் சீனியர், பேனா மூடியைக் கடித்தபடி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வரிசை படிக்கட்டுவரை நீண்டிருக்கிறது; காலில் கட்டுப் போட்ட ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வரவேற்பு நர்ஸ் தலையை நீட்டுகிறாள். "அக்கா, இந்த வாரம் வந்துரும்னு சொன்னீங்களே. இவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?" புரோகிராமர் எழுந்து, உள்ளங்கையாலேயே இரண்டு பெயர்களை அழிக்கிறாள். "எதை வெச்சு முடிவு பண்ணே?" என்று சீனியர் பதறுகிறார். "மிச்சமிருக்கிறது எனக்குத் தெரியும் சார். அது போதும்." மை அப்பிய கையோடு உட்கார்ந்து முதல் வரியைத் தட்டுகிறாள். தொட்ட விசையெல்லாம் கறுப்பாகிறது.